குளிர்காற்றுக்கு எது தகும்: தடித்த ஜாக்கெட்டா, ஸ்வெட்டர்களா, அடுக்குடையா?

குளிர்நாடு ஒன்றுக்கு முதன்முறையாகப் புறப்படுகிறவர்களும், அங்கே தங்கள் முதல் குளிர்காலத்தை எதிர்கொள்கிறவர்களும் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: இருப்பதிலேயே தடித்த ஜாக்கெட் ஒன்றை வாங்கிவிடலாமா, கையிலிருக்கும் ஸ்வெட்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுச் சமாளிக்கலாமா, அல்லது உள்ளுடை, நடுவுடை, விண்ட்சீட்டர் என்று மூன்றாகப் பிரித்து வாங்க வேண்டுமா? கேள்வி துணியைப் பற்றியதாகத் தோன்றினாலும் விடை காற்றில்தான் இருக்கிறது. கைப்பேசி வெப்பநிலையை −10 டிகிரி என்று காட்டி, அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ‘உணரப்படுவது −20’ என்றும் காட்டும்போது, எந்த எண்ணுக்கு உடுத்துவது என்று தெரியாமல் நிற்பதே உண்மையான குழப்பம். ஆகவே அந்த இரண்டாவது எண்ணிலிருந்து தொடங்குகிறேன். கட்டுரையில் வரும் டிகிரிகள் அனைத்தும் செல்சியஸ்.

## இரண்டாவது எண் சொல்வதும் சொல்லாததும்

நம் உடல் தன்னை ஒட்டியிருக்கும் காற்றை ஓயாமல் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. காற்று அசையாத இடத்தில் அந்த வெதுவெதுப்பு தோலின்மேல் மெல்லிய போர்வைபோலத் தங்கிவிடும். காற்று வீசினால் போர்வை கலைகிறது. உடல் மறுபடியும் சூடாக்க, காற்று மறுபடியும் கலைக்க, வெப்பம் விரைந்து வெளியேறுகிறது. சூடான பண்டத்தை ஊதி ஆற்றுகிறோம் அல்லவா, நம் முகத்துக்குக் காற்று செய்வதும் அதைத்தான். இதை எண்ணாக மாற்றிச் சொல்வதே விண்ட் சில். தமிழில் காற்றுக்குளிர் எண் என்று சொல்லலாம்.

இதை முதலில் அளந்து பார்த்தவர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பாசல் என்ற இரு அமெரிக்கர்கள். அண்டார்க்டிகாவில், பிளாஸ்டிக் உருளை ஒன்றில் நிரப்பிய நீர் எந்தக் காற்றில் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று கணக்கெடுத்து, 1945இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். உருளைக்குள் இரத்த ஓட்டம் இல்லை, மனித முகத்தில் உண்டு. அந்தப் பழைய கணக்கு குளிரை மிகைப்படுத்தியே காட்டியது. பின்னர் டொராண்டோவில், குளிரூட்டிய காற்றுச் சுரங்கத்தில் தன்னார்வலர்களை டிரெட்மில்லில் நடக்கவிட்டு, அவர்களுடைய முகத்திலிருந்து வெளியேறும் வெப்பத்தை அளந்து சரிபார்த்த புதிய வாய்பாட்டைக் கனடாவும் அமெரிக்காவும் 2001இல் ஏற்றுக்கொண்டன. வெப்பநிலை 10 டிகிரியோ அதற்குக் குறைவாகவோ இருந்து, காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டரைத் தாண்டும்போதுதான் இந்த வாய்பாடு பொருந்தும்.

வெப்பநிலை −10 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் எண் −15 ஆகிறது. 30 கிலோமீட்டரில் −20. 50 கிலோமீட்டரில் −22. முதல் 10 கிலோமீட்டர் காற்று 5 டிகிரியைக் கொண்டுபோகிறது; 30இலிருந்து 50க்கு ஏறும் காற்று 2 டிகிரியை மட்டுமே கொண்டுபோகிறது. இலைகள் சலசலக்கிற அளவுக் காற்றை ‘இதெல்லாம் ஒரு காற்றா’ என்று ஒதுக்குகிறவர்கள் பலர். இழப்பின் கணிசமான பங்கு அந்தச் சிறு காற்றிலேயே முடிந்துவிடுகிறது.

உடை தேர்வு செய்கிறவர் இந்த எண்ணைப் பற்றி நினைவில் கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, இது மூடப்படாத முகத்துக்கான கணக்கு. காற்று புகாத மேலுடைக்குள் இருக்கும் மார்புக்கும் முதுகுக்கும் இது அப்படியே பொருந்தாது. அவை −20ஐவிட −10க்கு நெருக்கமான குளிரில்தான் இருக்கின்றன. இரண்டாவது, காற்று எந்தப் பொருளையும் சுற்றுப்புற வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோவதில்லை, விரைவாக அந்த வெப்பநிலைக்குக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். வெப்பநிலை +2 ஆக இருந்து காற்றுக்குளிர் எண் −4 என்று காட்டினாலும் குழாய்த் தண்ணீர் உறையாது, விரல் நுனியும் உறையாது. மூன்றாவது, இந்த எண் ஈரத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை. நனைந்த உடையோடு +5 டிகிரிக் காற்றில் நிற்பவருக்குத் தோல் உறைவு வராது. ஆனால் உடலின் உள்வெப்பம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். எண் மிதமாகத்தானே இருக்கிறது என்று ஏமாறுவது பெரும்பாலும் இத்தகைய மழைக்குளிர் நாட்களில்தான்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், உடை காற்றை நிறுத்துகிறதா என்பது. இதைச் சோதிக்கக் கருவி வேண்டாம். துணியை வாயோடு சேர்த்துப் பிடித்து, மறுபுறம் உள்ளங்கையை வைத்து, பலமாக ஊதிப் பாருங்கள். மூச்சு உள்ளங்கையில் படுமானால் குளிர்காற்றும் அதே வழியாக வரும்.

இரண்டாவது, உடை அசையாத காற்றை எவ்வளவு பிடித்துவைக்கிறது என்பது. துணிக்கென்று தனிச் சூடு கிடையாது. இழைகளுக்கிடையே சிக்கி நிற்கும் காற்றுதான் கதகதப்பைத் தருகிறது. நெகிழ்வாகவும் உப்பலாகவும் இருக்கும் உடை, இறுக்கமான உடையைவிடச் சூடாக இருப்பதற்கு இதுவே காரணம்.

மூன்றாவதும் நான்காவதும் ஈரத்தைப் பற்றியவை: உள்ளே ஊறும் வியர்வை வெளியே போக வழியிருக்கிறதா, நனைந்துவிட்டால் உடை எந்த நிலைக்கு ஆகும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது என்பதால், நான் இவ்விரண்டையும் தடிமனுக்கு மேலாகவே வைப்பேன்.

ஐந்தாவது, நீங்கள் வெளியே என்ன செய்யப்போகிறீர்கள் என்பது. கடையில் யாரும் இதைக் கேட்பதில்லை. சும்மா நிற்கும் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது; வேகமாக நடந்தால் அது மூன்று மடங்காகிவிடும். நிறுத்தத்தில் பேருந்துக்காகக் காத்திருப்பவருக்கும் மூட்டையைச் சுமந்து மேடேறுபவருக்கும் ஒரே உடை எப்படிப் பொருந்தும்?

## முதல் வழி: ஒரே தடித்த தூவி ஜாக்கெட்

வாத்தின் மென்மையான தூவியை அடைத்த ஜாக்கெட் எடைக்கு எடை தரும் கதகதப்பை வேறெந்த அடைப்பும் எளிதில் எட்டுவதில்லை. மேல்துணி பெரும்பாலும் நெருக்கமாக நெய்யப்பட்டிருப்பதால் காற்றையும் ஓரளவுக்கு நன்றாகவே நிறுத்தும். கொக்கியிலிருந்து எடுத்து, கையை நுழைத்து, ஜிப்பை இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. குழந்தைகளைக் கிளப்பிக்கொண்டு ஓடும் காலைப்பொழுதில் இந்த வசதி சிறிய விஷயமல்ல.

இதன் மறைமுகச் செலவுகள் பின்னால்தான் தெரியவருகின்றன. தூவி நனைந்தால் உப்பல் அடங்கி, ஈரப் பஞ்சுபோல் கட்டிகட்டியாகத் திரண்டுவிடும். உப்பல் போனால் கதகதப்பும் போய்விடும். நனைப்பது மழை மட்டுமல்ல. தடித்த ஜாக்கெட்டோடு இருபது நிமிடம் வேகமாக நடந்தால், உள்ளிருந்து வரும் வியர்வையே அந்த வேலையைச் செய்துவிடும். துவைத்த பின் டிரையரில் நெடுநேரம் சுழலவிட்டு, கட்டிகளைக் கலைத்து உலர்த்த வேண்டும். அரைகுறையாக உலர்ந்தால் நாற்றம் பிடிக்கும். அறைகளாகப் பிரிக்க மேல்துணியையும் உட்துணியையும் நேராகச் சேர்த்துத் தைத்திருந்தால், தையல்கோடுகளில் தூவியே இருக்காது. காற்று பலமாக வீசும் நாளில் குளிர் அந்தக் கோடுகள் வழியாகவே இறங்குவதை முதுகில் உணரலாம். சூடேற்றிய பேருந்துக்குள் நுழைந்ததும் உடல் வேகும். கழற்றினாலோ உள்ளே இருப்பது ஒரு மெல்லிய சட்டைதான். முழுச் சூடு அல்லது முழுக் குளிர் என்ற இரண்டே நிலைகள். நடுவில் எதுவும் இல்லை.

வறண்ட கடுங்குளிரில், அதிகம் அசையாமல், நின்றோ உட்கார்ந்தோ இருக்க வேண்டியவர்களுக்கு இது சிறந்தது. காவல் நிற்பவர், விளையாட்டுத் திடலின் ஓரத்தில் நிற்கும் பெற்றோர், வண்டியிலிருந்து இறங்கிச் சில நிமிடங்களே வெளியில் இருப்பவர் ஆகியோர் தயங்காமல் இதை வாங்கலாம். மழையும் பனியும் மாறிமாறி வரும் ஊர் என்றால், தூவிக்குப் பதிலாகச் செயற்கை இழை அடைத்ததை எடுக்கலாம். எடை கூடும், ஆனால் நனைந்தாலும் முழுதாகக் கைவிடாது.

## இரண்டாம் வழி: ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர்

புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் பெரிய கவர்ச்சி. நானும் இப்படித்தான் தொடங்கினேன். −8 டிகிரியில் இரண்டு கம்பளி ஸ்வெட்டர்களைப் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். காற்று இல்லாதவரை ராஜாபோல் இருந்தது. தெருமுனையிலிருந்து காற்று திரும்பியதும், பின்னலின் ஒவ்வொரு கண் வழியாகவும் ஊசி நுழைவதுபோல் இருந்தது. பையில் மடித்து வைத்திருந்த மெல்லிய மழைக்கோட்டை வேறு வழியின்றி எடுத்து மேலே போட்டேன். கைக்குட்டையைவிடச் சற்றே கனமான துணிதான். கழுத்துவரை ஜிப்பை இழுத்த அரை நிமிடத்தில் அதே ஸ்வெட்டர்கள் வேலை செய்யத் தொடங்கின.

பின்னலாடை காற்றைப் பிடித்துவைக்கத் தெரிந்தது, தடுக்கத் தெரியாதது. மூன்றாவது ஸ்வெட்டரைச் சேர்ப்பதால் இந்தக் குறை தீராது; ஒன்றையொன்று நசுக்கி உப்பல் குறையும், அக்குளில் இறுகும், கையைத் தூக்குவதே சிரமமாகும். ஆனாலும் கம்பளிக்கு ஒரு தனிப் பெருமை உண்டு: தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொடுவதற்கு நனைந்ததுபோல் தெரியாது. பருத்தியோ வியர்வையை உறிஞ்சி, உலராமல், தோலோடு ஒட்டிக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கும். காற்று வராத இடத்திலும் வீட்டுக்குள்ளும் ஸ்வெட்டர்கள் போதும். காற்று வீசும் திறந்தவெளிக்கு அவை பாதி உடை.

## மூன்றாம் வழி: அடுக்குடையும் அதன்மேல் விண்ட்சீட்டரும்

தோலை ஒட்டி, வியர்வையைக் கடத்திவிடும் மெல்லிய தெர்மல் அல்லது மெல்லிய கம்பளி. அதன்மேல் காற்றைப் பிடித்துவைக்கும் ஸ்வெட்டரோ, ஃப்ளீஸ் என்னும் மெத்தென்ற செயற்கைத் துணியாடையோ. எல்லாவற்றுக்கும் மேல் காற்றைத் தடுக்கும் விண்ட்சீட்டர். ஒரே ஜாக்கெட் ஒற்றை ஆளாகச் செய்ய முயலும் மூன்று வேலைகளை இங்கே மூன்று துணிகள் பிரித்துக்கொள்கின்றன.

இந்த ஏற்பாட்டை மலையேற்றக் கடைகள் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். ஆர்க்டிக்கின் இன்யூயிட் மக்கள் கரிபு மான்தோலில் இரண்டு அங்கிகள் தைத்து, உள்ளங்கியின் மயிர் உடலைப் பார்க்கவும் மேலங்கியின் மயிர் வெளியே பார்க்கவும் அணிந்தார்கள். மயிர் காற்றைப் பிடித்துவைத்தது, தோல் காற்றைத் தடுத்தது. நார்வேக்காரரான ரொவால் அமுண்ட்சென் 1903 முதல் 1905 வரை வட கனடாவின் ஜோவா ஹேவனில் தங்கியிருந்தபோது அவர்களிடம் இதைக் கற்றுக்கொண்டு, 1911இல் தென்துருவத்தை அடைந்த பயணத்துக்கு அத்தகைய மயிர்த்தோல் உடைகளைக் கொண்டுசென்றார்.

அடுக்குடையின் உண்மையான பலம் கதகதப்பில் இல்லை, கதகதப்பைக் கூட்டிக் குறைக்க முடிவதில் இருக்கிறது. மேடேறும்போது நடுவுடையைக் கழற்றிப் பைக்குள் வைத்து, உச்சியில் காற்று அடிக்கும்போது மறுபடி போட்டுக்கொள்ளலாம். இதில் ஒரு பழக்கத்தை வலிந்து ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்: நடக்கப் புறப்படும்போது உடல் கொஞ்சம் குளிர வேண்டும். வாசலிலேயே சுகமாக இருந்தால், பத்து நிமிடம் கழித்து நிச்சயம் வியர்க்கும். பிறகு நிற்கும் இடத்தில் அந்த வியர்வையே பகையாகும். வியர்த்த பின் கழற்றுவதில் பயன் குறைவு, வியர்க்கும் முன்பே கழற்ற வேண்டும்.

குறைகளும் உண்டு, அவை சிறியவையும் அல்ல. முதலாவது, சலிப்பு: நின்று, பையை இறக்கி, கையுறையைக் கழற்றி, ஜிப்பைத் திறந்து, ஒன்றை எடுத்து ஒன்றை வைப்பதற்குப் பொறுமை வேண்டும், பொறுமை இல்லாதவர் உடலில் அடுக்குடையும் தடித்த ஜாக்கெட்போலத்தான் நடந்துகொள்ளும். இரண்டாவது, அளவு: விண்ட்சீட்டரை வெறும் சட்டைமேல் போட்டுப் பார்த்து வாங்கினால், பின்னர் அது உள்ளடுக்குகளை நசுக்கும், ஸ்வெட்டரோடு கடைக்குப் போய்ப் போட்டுப் பார்ப்பது நல்லது. மூன்றாவது, தவறான மேலுடை: ரப்பர்போன்ற பூச்சுள்ள மழைக்கோட்டு காற்றையும் நீரையும் நிறுத்துவது உண்மைதான், வியர்வையையும் சேர்த்தே நிறுத்திவிடும். கடுங்குளிரில் அந்த ஈரம் மேலுடையின் உட்புறத்தில் உறைபனியாகப் படிந்து, கழற்றி உதறும்போது பொடியாக உதிர்வதைக் காணலாம். மழை எதிர்பாராத நாளில், நெருக்கமான நெசவுள்ள சாதாரண விண்ட்சீட்டரே மேல்.

நடப்பவர், சைக்கிள் ஓட்டுபவர், உழைப்பும் ஓய்வும் மாறிமாறி வரும் வேலையில் இருப்பவர், ஒரே நாளில் பலமுறை உள்ளேயும் வெளியேயும் போகிறவர் ஆகியோருக்கு இதுவே உகந்தது. சைக்கிள் ஓட்டுபவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: காற்றே இல்லாத நாளிலும் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதே வேகக் காற்று அவர் முகத்தில் அடிக்கிறது. கைப்பேசி காட்டும் எண்ணில் அது சேர்வதில்லை.

| அளவுகோல் | தூவி ஜாக்கெட் | ஸ்வெட்டர்கள் மட்டும் | அடுக்குடை + விண்ட்சீட்டர் |
|---|---|---|---|
| காற்றைத் தடுத்தல் | நன்று. தையல்கோடுகளில் கசியும் | மிகக் குறைவு | மிக நன்று |
| அசையாமல் நிற்கும்போது கதகதப்பு | மிக நன்று | காற்றில்லாதபோது நன்று | நடுவுடையைப் பொறுத்தது |
| வியர்வை வெளியேறுதல் | குறைவு | நன்று | மேலுடையைப் பொறுத்தது |
| நனைந்த பின் | கைவிடும் | கம்பளி ஓரளவு தாங்கும் | மேலுடை காக்கும். சீக்கிரம் உலரும் |
| கூட்டிக் குறைத்தல் | இயலாது | ஓரளவு | எளிது |
| மறைமுகச் செலவு | துவைத்தல், உலர்த்தல் | எப்படியும் ஒரு மேலுடை வாங்க நேரும் | நேரமும் பொறுமையும் |

ஒன்றைத்தான் இப்போது வாங்க முடியும் என்கிறவருக்கு என் பரிந்துரை விண்ட்சீட்டர். ஸ்வெட்டர் ஏற்கெனவே இருந்தால், அந்த ஒரு துணி இரண்டாம் வழியை மூன்றாம் வழியாக மாற்றிவிடும். அடுத்த குளிர்காலத்துக்குள் மெல்லிய தூவி ஜாக்கெட் ஒன்றும் சேருமானால், நிற்கும் வேளைகளில் மேலே போட்டுக்கொள்ள அது உதவும்.

## நான்காம் வழி: போகாமலிருப்பது

இதை ஒரு தேர்வாகவே யாரும் எண்ணுவதில்லை. காற்றுக்குளிர் எண் −27க்குக் கீழே இறங்கினால் மூடாத தோல் அரை மணி நேரத்துக்குள் உறையக்கூடும். −40க்குக் கீழே ஐந்து முதல் பத்து நிமிடம். −55க்குக் கீழே இரண்டே நிமிடம். −40இல் சாவியைக் கீழே போட்டுவிட்டுக் கையுறையில்லாமல் தேடுவதற்குக்கூட நேரம் போதாமல் போகலாம். அவசரமில்லாத வேலையென்றால் காற்று அடங்கும்வரை ஒத்திப்போடுவதும், போய்த்தான் ஆகவேண்டும் என்றால் கட்டடங்களின் மறைவு கிடைக்கும் வழியாகப் போவதும் எந்த உடையையும்விடப் பயன் தரும். திறந்தவெளியில் நடப்பவர் முதலில் காற்றுக்கு எதிராகச் சென்று, களைத்துத் திரும்பும்போது காற்றை முதுகில் வாங்குமாறு வழியை வகுத்துக்கொள்ளலாம். தள்ளிப்போடுவதற்கும் செலவு உண்டு என்பதை மறுக்கவில்லை. நாட்கூலிக்காரருக்கு இந்த வழி பெரும்பாலும் திறந்திருப்பதில்லை.

## எந்த ஜாக்கெட்டும் காக்காத இடங்கள்

மேலே சொன்ன உடைகள் அனைத்தும் உடலின் நடுப்பகுதியைக் காக்கின்றன. குளிர் முதலில் கடிப்பதோ மூக்கு, காதுமடல், கன்னம், விரல்கள் ஆகியவற்றை. குளிரும்போது உடல் உள்ளுறுப்புகளைக் காப்பதற்காக ஓரங்களுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. ஆகவே மார்பு சூடாக இருந்தால்தான் விரலுக்கும் இரத்தம் தாராளமாக வரும்.

கையுறையிலும் ஒரு தேர்வு இருக்கிறது. ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் கையுறையில் வேலை செய்யலாம், ஆனால் ஒவ்வொரு விரலும் தனியே குளிரும். நான்கு விரலும் ஒரே பைக்குள் இருக்கும் மிட்டனில் அவை ஒன்றையொன்று சூடாக்கும். கடுங்குளிருக்கு மெல்லிய கையுறையும் அதன்மேல் மிட்டனும் சேர்ந்திருப்பது நல்லது. காலணியில் பலரும் செய்யும் தவறு, இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸைத் திணிப்பது. இரத்த ஓட்டம் தடைப்பட்டு, ஒரு ஜோடியோடு இருந்ததைவிட அதிகமாகக் கால் குளிரும். மஃப்ளரை வாய்மேல் சுற்றினால் மூச்சின் ஈரம் படிந்து அது விறைத்துப்போகும். அவ்வப்போது திருப்பி, உலர்ந்த பக்கத்தை வாய்க்கு வைக்க வேண்டும்.

தோல் வெளுத்து, மெழுகுபோலாகி, தொட்டால் உணர்வில்லாமல் இருந்தால் உறைவு தொடங்கிவிட்டது என்று பொருள். தேய்க்கக் கூடாது, பனிக்கட்டியால் தேய்ப்பது அதைவிடக் கேடு. உணர்வற்ற தோல் சுடுவதை அறியாது என்பதால் ஹீட்டருக்கு அருகில் காட்டவும் கூடாது. உடனே உள்ளே போய், 37 முதல் 39 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பான நீரில் அந்த உறுப்பை வைத்திருந்து, மருத்துவ உதவியை நாட வேண்டும். மீண்டும் குளிருக்குள் போக நேரும் என்றால் இளக்காமலே கொண்டுபோவது மேல். இளகியது மறுபடி உறைந்தால் சேதம் கூடும்.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவதை ஹைப்போதெர்மியா என்கிறோம். நாக்குழறல், தடுமாற்றம், ஜிப்பை இழுக்க முடியாத விரல்கள், காரணமில்லாத எரிச்சல் ஆகியவை தொடக்க அடையாளங்கள். கடுமையாக நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்தினால், நிலை மோசமாகிறது என்றே கொள்ள வேண்டும். நனைந்த உடையைக் களைந்து, உலர்ந்தவற்றால் போர்த்தி, உடனே அவசர உதவியை அழைக்க வேண்டும். குளிருக்கு மது நல்லது என்ற பேச்சும் தவறு. அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, சூடாவதுபோல் காட்டிக்கொண்டே உள்வெப்பத்தை வெளியேற்றிவிடும்.

இவற்றில் ஒரு சிக்கல் இருக்கிறது. மூக்கின் நுனியில் விழும் வெள்ளைத் திட்டு மரத்துப்போயிருக்கும், வலிக்காது, உடையவருக்குத் தெரியாது. குழறிப் பேசுகிறவருக்குத் தான் குழறுவதும் தெரியாது. அதனால் கடுங்குளிரில் சேர்ந்து நடப்பவர்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் உற்றுப் பார்த்து, ஏதாவது ஒரு கேள்வி கேட்டுப் பதிலையும் கவனித்துவிட்டுத்தான் மேலே நடப்பார்கள்.